கண்ணுக்குத் தெரியும் பாம்பும் தெரியாத பாம்பும்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். வீடு வீடாகச் சென்று மரணத்தின் காரணத்தைக் கேட்டுப் பதிவுசெய்த ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’ தந்த மதிப்பீடு இது, 2020-இல் வெளியானது. இறந்தவர்களில் கால் பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பாம்புக்கு இத்தனை உயிரைக் கொடுக்கும் நாடு உலகில் வேறு இல்லை.

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊருக்கு ஊர் புற்று இருக்கிறது. அதற்குப் பாலும் முட்டையும் வைக்கிறோம். நாகராஜர் கோயிலின் பெயரால் ஒரு நகரமே இருக்கிறது. பாம்பை நேரில் பார்த்தேயிராத பிள்ளைகூட அதன் பேச்சு எழுந்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு பயமும் பக்தியும் உள்ள இடத்தில் இவ்வளவு சாவு ஏன்? பயம் உயிரைக் காக்க வேண்டிய உணர்ச்சி என்றால், இங்கே அது ஏன் காக்கவில்லை? பயமும் மயக்கமும் எல்லைகளும் மனித வாழ்க்கையை எப்படி வடிவமைக்கின்றன என்று பொதுவாகப் பேசுவதைவிட, இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அதிகம் தெளிவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முதலில், பாம்புப் பயம் பிறவியிலேயே வருகிறதா என்பது. அமெரிக்க உளவியலாளர்கள் சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் 1980-களில் ரீசஸ் குரங்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பிடம் பயமே இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு அலறுவதைக் காட்டியதும், அவை சட்டென்று அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டன. அதே அலறலைப் பூவைப் பார்த்து அலறுவதுபோல காணொளியில் வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட எந்தக் குரங்கும் கற்றுக்கொள்ளவில்லை. மனிதக் குழந்தைகளிடம் வனெஸ்ஸா லோபியூவும் ஜூடி டிலோசும் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகள் பாம்பின் படத்தைக் கண்டு தாமாகப் பயப்படவில்லை; ஆனால் பயந்த குரல் ஒன்று காதில் விழும்போது மற்ற விலங்குகளைவிடப் பாம்பையே கூடுதல் நேரம் பார்த்தன. ஆக, நாம் பயத்தோடு பிறப்பதில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் ஆயத்தத்தோடு பிறக்கிறோம். பயத்தை ஊட்டுபவர்கள் பெரியவர்கள்.

லின் இஸ்பெல் என்ற மானுடவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். குரங்கினத்துக்கு இவ்வளவு கூர்மையான பார்வை வாய்த்ததற்கே பாம்பு ஒரு காரணம் என்பது 2006-இல் அவர் முன்வைத்த கருத்து. புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் பாம்பைக் கண்டுகொண்ட குரங்கு பிழைத்தது, காணாதது செத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் கண் கூர்மையானது. குரங்கு மூளையின் ஒரு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் முகம், கை போன்ற படங்களைவிடப் பாம்புப் படத்துக்கு விரைவாகவும் வலுவாகவும் துடிப்பதாக 2013-இல் அவரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் காட்டினார்கள். இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: நம்முடைய பாம்புப் பயம் கண்ணின் பயம். உருவத்தைக் கண்டால்தான் அது விழிக்கிறது.

நம் தத்துவ மரபும் பாம்பைக் கண்ணோடு சேர்த்துத்தான் பேசியது. அந்தி வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பு என்று கண்டு பதறுகிறவனைக் கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் உவமையாக்கினார். சங்கரர் அதை எடுத்தாண்டார். தமிழில் வேதாந்தம் எழுதியவர்களும் கயிற்றரவு என்று விடாமல் சொன்னார்கள். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்து கயிறு தெரியும், பயம் போகும். அழகான உவமைதான். உயிரியல் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. கயிற்றைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளியவனுக்கு நட்டம் ஒரு துள்ளல். பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தவனுக்கு நட்டம் உயிர். இரண்டு தவறுகளுக்கும் விலை ஒன்றாக இல்லாததால்தான், நம் மூளை முதல் தவறைத் தாராளமாகச் செய்யும்படி அமைந்திருக்கிறது. அந்த மயக்கம் நம்மைப் பிழைக்க வைத்த மயக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் ஆளைக் கொல்வது இரண்டாவது தவறு. பாம்பு தெரியாமல் போவது.

கட்டு விரியனை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அது சுருண்டு மந்தமாகக் கிடக்கும். இரவில்தான் இரை தேடி வெளியே வரும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நுழையும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரின் மேல் ஊர்ந்து போகும்போது அவர் புரண்டு படுத்தால் கடிக்கும். பல்லோ சிறியது, கடித்த இடம் வீங்காது, எரியாது, பல நேரம் தடமே தெரியாது. கடிபட்டவர் விழிக்காமலே தூங்குவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் இமை கனக்கும், கண்ணைத் திறக்க முடியாது, நாக்கு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. அதற்குப் பின் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். ‘ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்’ என்று வீட்டார் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடுகிறது. இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் பாம்பைப் பார்க்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டப்பட்ட பயம் ஒரு முறைகூட விழிக்கவில்லை.

2001 முதல் 2003 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2011-இல் வந்த அறிக்கை, பாம்புக்கடிச் சாவுகளில் 97 விழுக்காடு கிராமங்களில் என்றது. இறந்தவர்களில் 77 விழுக்காட்டினர் எந்த மருத்துவமனைக்குள்ளும் சாகவில்லை. பிந்தைய ஆய்வு, பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நிகழ்வதைக் காட்டியது. வயல் வேலை, இருட்டு, வெறுங்கால், தரைப் படுக்கை, எலி புழங்கும் வீடு, தூரத்து ஆஸ்பத்திரி: சாவின் முகவரி இதுதான். இது வறுமையின் முகவரியும்கூட.

அப்படியானால் நம் பயம் எங்கே செலவாகிறது? ஆபத்தில்லாத பாம்புகளின் மேல். கொம்பேறி மூக்கன் என்ற மெலிந்த மரப்பாம்புக்கு விஷமே கிடையாது. ஆனால் அது ஆளைக் கடித்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறி, சுடுகாட்டில் புகை கிளம்புகிறதா என்று பார்க்கும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்கிறார்கள். அதன் விஷம் ஓணான், தவளை அளவுக்குத்தான். மண்ணுளிப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்கிறார்கள். இரண்டு சாரைப்பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பதைச் சாரையும் நாகமும் பிணைவதாக எண்ணிக் கும்பிடுகிறார்கள். அவை பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள். பாம்பு பழிவாங்கும், கொன்றவரைத் தேடி வரும் என்ற நம்பிக்கைக்கு 1979-இல் வந்த ‘நீயா?’ போன்ற படங்கள் திரையில் உயிர் கொடுத்தன. முகத்தை நினைவில் வைத்து ஆண்டுக்கணக்கில் பகை வளர்க்கும் மூளை பாம்புக்கு இல்லை. பால் அதற்கு உணவும் இல்லை. மகுடிக்கு ஆடுவதாகத் தோன்றும் நாகம், ஊதுகிறவரின் கையும் குழலும் அசைகிற திசையில் தன்னைக் காத்துக்கொள்ள அசைகிறது.

மண்ணுளிப் பாம்பின் விஷயத்தில் இந்த மயக்கத்தோடு பேராசையும் கலந்திருக்கிறது. வாலும் தலைபோலத் தெரிவதால் இருதலை மணியன் என்று பெயர் பெற்ற இந்த அப்பிராணி, வீட்டில் இருந்தால் பணம் கொழிக்கும் என்று லட்சங்களுக்குப் பேரம் பேசப்பட்டுக் கடத்தப்படுகிறது. ஒரே பாம்பைக் கண்டு ஒருவர் குஷ்டத்துக்கு நடுங்குகிறார், இன்னொருவர் கோடீசுவரக் கனவு காண்கிறார். இரண்டுக்கும் பாம்பு பொறுப்பில்லை.

இந்த நம்பிக்கைகளால் சாரை, ஓநாய்ப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு எல்லாம் அடிபட்டுச் சாகின்றன. எலியைத் தின்னும் சாரையைக் கொன்றால் வீட்டைச் சுற்றி எலி பெருகும். எலி பெருகினால் அதைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். அடித்துக் கொல்லும் வேகத்தில் கடிபடுகிறவர்களும் உண்டு. பயம் தன் இலக்கைத் தவறவிடுவதோடு நிற்காமல் ஆபத்தையும் கூட்டுகிறது.

பாம்புக்கடிக்கு மந்திரிக்கும் வழக்கத்தின் செல்வாக்கும் வெறும் அறியாமையால் நிலைத்தது என்று சொல்லிவிட முடியாது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. விஷமுள்ளவை ஏறத்தாழ 60. கடிகளில் பெரும்பாலானவை விஷமற்ற பாம்புகளின் கடி. விஷப்பாம்பே கடித்தாலும் எல்லாக் கடியிலும் அது விஷத்தை இறக்குவதில்லை; பல்லை மட்டும் பதித்துவிட்டு விடுவதும் உண்டு. ஆகவே மந்திரிப்பவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். அவர் மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்கிறார். வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்கிறார். வேப்பங்கொத்தால் தடவி இறக்குகிறார். கடிபட்டவருக்கு வியர்வையும் படபடப்பும் அடங்குகின்றன, ஏனென்றால் அவை பயத்தால் வந்தவை. மந்திரம் பலித்தது என்று ஊர் நம்புகிறது. பலிக்காதபோது ‘விதி முடிந்துவிட்டது, நேரம் கடந்து வந்தார்கள்’ என்று சொல்ல வழி இருக்கிறது. வெற்றியெல்லாம் மந்திரத்தின் கணக்கிலும் தோல்வியெல்லாம் விதியின் கணக்கிலும் எழுதப்படும் வரை அந்த நம்பிக்கையை யாரும் அசைக்க முடியாது. மந்திரிப்பவரும் ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவரும் மனப்பூர்வமாக நம்புகிறார். இந்தக் கணக்கை அவரிடமே பொறுமையாக எடுத்துச் சொல்லி, கடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று கேட்பது, அவரைப் பழிப்பதைவிடப் பலன் தரும்.

படித்தவர்களும் இதே குழியில் விழுந்தவர்கள்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளை விவரித்து 1796-இல் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். எது விஷப்பாம்பு, எது அல்ல என்று பிரித்துக் காட்டினாலே மக்களின் வீண் பயம் பாதி குறையும் என்ற எண்ணம் அவருடைய உழைப்பில் தெரிகிறது. அவர் காலத்தில் ஆர்செனிக் கலந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’ பாம்புக்கடிக்கு மருந்தாகப் பெயர்பெற்றிருந்தது. அதன்பின் நூறு ஆண்டு கடந்தும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிவாயைக் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தேய்ப்பதற்கென்றே ஒரு சிறு கத்தியை ஆங்கிலேய மருத்துவர்கள் வடிவமைத்து இந்தியாவில் பரப்பினார்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கைகால் அழுகலாம். ஆக, மயக்கம் படிப்பறிவில்லாதவரின் சொத்து என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உண்மையான மருந்து 1890-களின் நடுவில் வந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் விலங்குகளின் உடலில் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார். இன்றும் அதே வழிதான். குதிரைகளின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் கிடைப்பது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்ந்த ஒரே மருந்து.

அதற்கும் எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தை அது முறிக்கும். விஷம் ஏற்கெனவே செய்த சேதத்தைத் திருப்பாது. கட்டு விரியனின் விஷம் நரம்பு முனையைத் தாக்கிவிட்டால், நரம்பு தானாகத் தேறும் வரை செயற்கை சுவாசக் கருவிதான் உயிரைத் தாங்க வேண்டும். ஒரே வகைப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதையும், தமிழகத்துப் பாம்புகளின் விஷத்தை நம்பித் தயாராகும் மருந்து வடக்கிலும் மேற்கிலும் சில இடங்களில் வலுவிழப்பதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கடிக்கும் குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலை செய்வதில்லை.

இன்னோர் எல்லை மருத்துவர்களின் மனத்தில் இருக்கிறது. குதிரை ரத்தப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர் இதை நினைத்துத் தயங்குகிறார். நோயாளிக்கு ஏதாவது ஆனால் உறவினர்கள் தன் மேல் பாய்வார்களோ என்ற பயமும் சேர்கிறது. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். வழியில் போகும் அந்த ஒரு மணி நேரம்தான் பல உயிர்களின் விலை. ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் ஊசியால் அடக்கலாம். முதல் தவணையாக எட்டு முதல் பத்துக் குப்பி மருந்தை ஏற்றலாம். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து இறக்குவதில்லை. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் தரும் தெளிவை எந்தச் சிற்றூர் நிலையத்திலும் பெறலாம். தயக்கத்தைப் போக்குவதற்கு வேண்டியது பயிற்சியும், பக்கத்தில் நிற்கும் மூத்தவர் ஒருவரின் தைரியமும்.

பயமும் மயக்கமும் எல்லையும் கூடுகிற இந்தக் கதையில் வேறு விதமாக வாழ்ந்து காட்டியவர்கள் இருளர் பழங்குடியினர். தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இவர்களின் பிழைப்பு, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதையடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையாலும் நின்றுபோனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அதன் இடம். அங்கே பாம்புகள் வாய் கட்டிய மண்பானைகளில் இருக்கின்றன. ஒருவர் வளைந்த கம்பியால் பாம்பை மெல்லத் தூக்கி, தலையின் பின்புறம் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க விடுகிறார். மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகள் உள்ளே இறங்குகின்றன. மூன்று வாரம் போல வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிளில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி பிடிபட்டால் அந்த அடையாளத்தைப் பார்த்து உடனே விட்டுவிடலாம். நாடெங்கும் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி இந்தக் கைகளிலிருந்து போகிறது.

இருளர்களுக்குப் பாம்பிடம் பயம் இல்லை என்று சொன்னால் தவறு. அவர்களில் கடிபட்டவர்கள் உண்டு. விரலை இழந்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் கன்னியம்மன் என்ற தெய்வம் உண்டு, வேண்டுதல் உண்டு. ஆனால் மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தும், வளையின் வாயைப் பார்த்தும், உரிந்த சட்டையைப் பார்த்தும் உள்ளே இருப்பது எது, எப்போது போனது என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாம்பை அறிந்திருக்கிறார்கள். அவர்களுடைய பயம் சரியான இடத்தில், சரியான அளவில் இருக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்த அறிவை நாடு மதிக்க இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் என் வருத்தம்.

அரசுகளும் மெல்ல விழிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாம் கடியையும் சாவையும் இனிக் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கே, எந்த மாதம், எந்தப் பாம்பு என்ற கணக்கு இல்லாததால்தான் மருந்து வேண்டிய இடத்தில் இல்லாமலும் வேண்டாத இடத்தில் காலாவதியாகியும் போனது. ஆகவே இந்த அறிவிப்பை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

கிராமத்தில் இருப்பவர்களையும், கிராமத்தில் பெற்றோரை விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இரவில் வெளியே இறங்கினால் கையில் டார்ச் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுங்கள். கட்டிலுக்கு வசதி இருந்தால் கட்டிலில் படுங்கள். விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். காலையில் எழும்போது காரணமில்லாத வயிற்றுவலியோடு இமை தொங்கினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்துப் புறப்படுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், மோதிரத்தையும் கொலுசையும் கழற்றி, எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போய், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் அதைப் போட மருத்துவர் இருப்பாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்.